நள்ளிரவில் ஹீட்டர் ஏன் நிற்கிறது? மோட்டார்ஹோம் பயணிகளுக்குக் கேள்வி – பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு குளிர்காலத்தில் மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை, கழிவறையோடு வீடு போல அமைத்த வண்டியில்) நீண்ட பயணம் கிளம்பும் தம்பதிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பழுதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பத்து வருடம் ஓடிய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறோம். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் மூன்று மாதம் சுற்றத் திட்டம். மெக்கானிக் இன்ஜினைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்கிறார். இது போதுமா?

போதாது. வழியில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, அதன் பின்னால் இருக்கும் வீடு. இருந்தாலும் டயரிலிருந்து தொடங்குங்கள். இந்த வண்டிகள் வருடத்தில் பாதி நாள் நின்றுகொண்டே இருப்பதால், டயரின் பூ தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறேழு வருடம் ஆகியிருந்தால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், வண்டி நகர்வதற்கு முன் அளக்க வேண்டும். 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) உள்ள டயரில் வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறையும். மலையடிவாரத்தில் சரியாக இருந்தது மேலே போய் ஓரிரவு தங்கினால் சரியாக இருக்காது.

அடுத்து, கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் நச்சுவாயு) அலாரம். அதற்கும் ஆயுள் உண்டு. பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை மணியும் மின்சுற்றும் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். உள்ளிருக்கும் சென்சார் செத்திருந்தாலும் மணி அடிக்கும்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் ஓரிரவு தங்கிப் பாருங்கள். வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கக் கூடாது. ஹீட்டர், வெந்நீர், பம்ப் எல்லாம் வண்டியின் பேட்டரியிலும் எரிவாயுவிலும் மட்டுமே ஓட வேண்டும். வழியில் வரக்கூடிய பழுதில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு ஹீட்டர் நன்றாக எரிகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு விசிறி மட்டும் சுற்றுகிறது, குளிர்ந்த காற்று வருகிறது. பகலில் மெக்கானிக்கிடம் காட்டினால் ஒழுங்காக எரிகிறது. பழுது ஹீட்டரிலா?

பகலில் எரிந்து விடியலில் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் பேட்டரியின் மேல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிவாயு ஹீட்டரின் விசிறி சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலும் 35 ஆம்பியர்-மணி (ஆம்பியரை ஓடும் மணி நேரத்தால் பெருக்கிய அளவு). அலாரம், குளிர்பெட்டியின் சர்க்யூட், இரண்டு விளக்கு ஆகியவற்றுக்கு இன்னொரு 10. மொத்தம் 45. உங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி என்றால், அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 50. உறைநிலையில் அதுவும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40-க்கு வந்துவிடும். புது பேட்டரிக்கே இந்தக் கதி. நாலைந்து வருடம் ஆனதென்றால் மூன்று மணிக்கு நிற்பதில் வியப்பே இல்லை.

வோல்ட் குறைந்தால் நெருப்பு ஏன் வருவதில்லை? தெர்மோஸ்டாட் (அறையின் வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் கருவி) கேட்டதும் முதலில் விசிறி சுற்றும். காற்றின் பாதையில் ‘செயில் சுவிட்ச்’ என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. போதுமான வேகத்தில் காற்று வந்து அதைத் தள்ளினால்தான் எரிவாயு வால்வு திறக்கும், பொறி அடிக்கும். பேட்டரி இறங்கி விசிறி மெதுவாகச் சுற்றும்போது தகடு நகராது. நெருப்பில்லாமல் விசிறி மட்டும் ஓடும், அது மிச்சமிருக்கும் கரண்டையும் தின்னும்.

கருவியைக் கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சார்ஜ் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓய்ந்த லெட்-ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பிறகு விசிறி ஓடும்போதே ஹீட்டரின் முனையில் அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.4 இருந்து, ஹீட்டரிடம் 10.8 மட்டுமே வந்தால் இடையில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது பச்சை பூத்திருக்கிறது. முதலில் வண்டிச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்குங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால், அப்போதுதான் செயில் சுவிட்சில் பஞ்சும் முடியும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்து சில நொடியில் அணைந்தால் பழுது வேறு. நெருப்பு இருப்பதை உணரும் கம்பியில் கரி படிந்திருக்கும், நைஸ் உப்புத்தாளால் துடைத்தால் சரியாகும். ஐந்து பத்து நிமிடம் எரிந்துவிட்டு அணைந்து, மறுபடி எரிந்தால், சூடு தாண்டும்போது துண்டிக்கும் சுவிட்ச் வேலை செய்கிறது. வெப்பக் காற்றுத் துவாரங்களைப் பாதிக்கு மேல் மூடிவைத்திருப்பீர்கள், அல்லது காற்று உள்ளே போகும் வழியில் சாமான் அடுக்கியிருப்பீர்கள்.

டீசல் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பற்றவைக்கும் ஓரிரு நிமிடம் அது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், அங்கேயும் பேட்டரிதான் முதல் கேள்வி. வண்டியின் டேங்கில் டீசல் கால்வாசிக்கு வந்ததும் ஹீட்டர் நின்றால் அது பழுதல்ல. வண்டி ஓட டீசல் மிஞ்சட்டும் என்று அதன் உறிஞ்சு குழாயை உயரமாகவே வைத்திருப்பார்கள். அணைத்த உடனே மெயின் சுவிட்சை மூடாதீர்கள். சில நிமிடம் விசிறி ஓடி உள்ளறை ஆற வேண்டும்.

கேள்வி: உறைபனி இரவு ஒன்றுக்குப் பிறகு, எல்லாக் குழாயும் மூடியிருந்தும் தண்ணீர் பம்ப் பத்து நிமிடத்துக்கொரு முறை ‘டக் டக்’ என்று ஓடி நிற்கிறது. எங்கே பார்ப்பது?

அழுத்தம் எங்கோ இறங்குகிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். வளைந்து கொடுக்கும் குழாய் தாங்கிக்கொள்ளும், விறைப்பான பிளாஸ்டிக் வெடிக்கும். எனவே தேட வேண்டிய வரிசை இது: பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம், கழிவறைக் கோப்பையின் பின்புறத் தண்ணீர் வால்வு, வெளிப்புற ஷவர், பிறகு குழாய் மூட்டுகள். மெல்லிய டிஷ்யூ தாளை ஒவ்வொரு மூட்டிலும் சுற்றிவைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரியும். கிண்ணத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் ஒழுகாமல் காற்றை மட்டும் உறிஞ்சுவதும் உண்டு. குழாயில் தண்ணீர் தும்மித் தும்மி வந்தால் அதுதான்.

புதுக் கிண்ணம் கிடைக்கும் வரை, அதை எடுத்துவிட்டு அரை அங்குல ஹோஸ் துண்டையும் இரண்டு கிளாம்ப்பையும் போட்டு ஓட்டலாம். சில நாளைக்கு மட்டும். வடிகட்டி இல்லாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துகள் போய் உட்கார்ந்தால் பம்ப்பின் வால்வு மூடாது. எல்லா மூட்டும் காய்ந்தே இருந்தால் பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து தண்ணீர் டேங்குக்குத் திரும்புகிறது என்று பொருள். தலைப்பகுதியை மட்டும் மாற்ற முடிந்தால் போதும்.

இனி இப்படி நேராமல் இருக்க, உறைபனியில் வண்டியைச் சூடில்லாமல் நிறுத்தும்போதெல்லாம் தண்ணீரை வடித்துவிடுங்கள். வரிசை முக்கியம். வெந்நீர்க் கொதிகலனை எரிவாயு, மின்சாரம் இரண்டிலும் அணையுங்கள். தண்ணீர் இல்லாத கொதிகலனில், சூடாக்கும் மின்சுருள் ஓடினால் சில நிமிடத்தில் எரிந்துபோகும். ஆறட்டும். ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகே கொதிகலனின் அடைப்பானைக் கழற்றுங்கள், இல்லையென்றால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். டேங்கின் அடிவால்வு, தரைக்கருகில் இருக்கும் சூடு, குளிர் இரண்டு வடிகால்கள், எல்லாக் குழாய்களும் திறந்திருக்க வேண்டும். ஷவர்த் தலையைத் தரையில் போடுங்கள், கழிவறை மிதியை ஒருமுறை அழுத்துங்கள். கடைசியில் பம்ப்பை அரை நிமிடம் ஓட்டி அதனுள் நிற்கும் தண்ணீரையும் தள்ளுங்கள். காற்று செலுத்தினால் 2 பார் அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

பாத்திரத் தொட்டி, ஷவர் ஆகியவற்றின் அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கும். அதில் ஒன்றிரண்டு குவளை புரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பு ஊற்றுங்கள். இன்ஜினுக்கு வாங்கிவைத்திருக்கும் எத்திலீன் கிளைக்காலை இதற்கு எடுக்கவே கூடாது. அது நஞ்சு.

கேள்வி: காலையில் ஜன்னல், சுவர், மெத்தையின் அடி எல்லாம் ஈரம். மேல் துவாரத்தைத் திறந்தால் என் வீட்டுக்காரர் சூடு போய்விடும் என்று மூடிவிடுகிறார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான். இருவர் தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் ஓரிரவில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேறும். அதற்கு மேல் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் (சிலிண்டரில் வரும் எரிவாயு) எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும், அடுப்பில் எரிந்தால் அவ்வளவும் அறைக்குள்தான் நிற்கும். மேல் துவாரத்தில் இரண்டு விரல் இடைவெளியும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலில் கீற்றளவும் திறந்துவையுங்கள். கொஞ்சம் சூடு போகும், ஆனால் வறண்ட காற்றைச் சூடாக்குவது எளிது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போகும்படி சட்டமோ தடித்த வலைவிரிப்போ போடுங்கள்.

அடுப்பை அறை ஹீட்டராக எரிக்காதீர்கள். ஈரத்தை விடுங்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பனி கொட்டிய காலையில் ஹீட்டரின் புகைத்துவாரம் புதைந்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் கனமாகவே இருக்கிறது. அடுப்பு எரிய மறுக்கிறது. ரெகுலேட்டரை மாற்றியும் பயனில்லை.

சிலிண்டரில் பியூட்டேன் என்ற இன்னொரு எரிவாயு இருக்கலாம். அது கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். அதற்குக் கீழே திரவமாகவே படுத்துக் கிடக்கும், வாயு வராது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கலப்பு வாயுவில் புரொப்பேன் முதலில் தீர்ந்துபோய்ப் பியூட்டேன் மட்டும் அடியில் தங்கிவிடும், அதனால்தான் கனம். குளிருக்குப் புரொப்பேனே வாங்குங்கள், அதற்குரிய ரெகுலேட்டரோடு. சிலிண்டரை நெருப்பாலோ ஹீட் கன்னாலோ சூடாக்குவது கூடவே கூடாது.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பெரும்பாலும் தீரும், ஒரு நிபந்தனையோடு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. நல்ல பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தானே தடுத்துவிடும். அதனால் வெயிலடித்தும் சோலார் ஏறவில்லை என்று பதறாதீர்கள். வெளிப்பெட்டியில் வைக்காமல் சூடுள்ள உட்பகுதியில் பொருத்துங்கள். இன்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைக்காமல் நடுவே டிசி-டிசி சார்ஜர் (போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கருவி) போடுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

கேள்வி: வண்டி ஸ்டார்ட் ஆகி ஐந்து கிலோமீட்டரில் இழுவை குறைந்து நின்றுவிட்டது. டீசல் நிறைய இருக்கிறது.

வெப்பமான பகுதியில் நிரப்பிய டீசலோடு குளிருக்குள் போயிருக்கிறீர்கள். அதிலிருக்கும் மெழுகு திரிந்து ஃபில்டரை அடைத்துவிட்டது. திரிந்த பிறகு உறைதடுப்பு மருந்தை ஊற்றிப் பயனில்லை, திரிவதற்கு முன் ஊற்ற வேண்டும். வண்டியைச் சூடான கொட்டகைக்கு இழுத்துப்போய், ஃபில்டரை மாற்றி, டேங்கில் குளிர்கால டீசலைச் சேர்ப்பதே வழி. பெட்ரோல் கலக்கச் சொல்லும் பழைய யோசனையைக் கேட்காதீர்கள். இன்றைய டீசல் இன்ஜின்களில் இருக்கும் ‘காமன்ரெயில்’ உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் அதைத் தேய்த்துவிடும். குளிர்ப் பகுதியை நெருங்கும்போது டேங்கைப் பாதிக்கு மேல் காலியாக்கிவிட்டு, அங்கே விற்கும் டீசலை நிரப்புவது நல்லது. மாற்று ஃபில்டர் ஒன்றும் அதற்கான ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு இன்சுலின், என் கணவருக்குச் சி-பேப் கருவி (தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் முகமூடி வழியே காற்றை ஊதுவது). குளிர்காலப் பயணத்தில் எதில் கவனம் வேண்டும்?

இன்சுலின் உறைந்தால் கெட்டது. உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. குளிர்பெட்டியில் வைக்கும்போது பின்சுவரின் குளிர்த்தகட்டை ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடும். கதவுத் தட்டில் சின்னத் தெர்மாமீட்டரோடு வையுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஹீட்டரை அணைத்து வண்டியைப் பூட்டிவிட்டு வெளியே போகும் நாளில் அதை உங்களோடு சட்டைக்குள் உடலை ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் குளிரில் பிழை காட்டும், உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துக்கொண்டு பிறகு சோதியுங்கள்.

சி-பேப் கருவியில் மின்சாரத்தைத் தின்பது காற்றை ஊதும் மோட்டார் அல்ல, ஈரப்பதம் தரும் தண்ணீர்த்தட்டும் சூடாக்கும் குழாயும்தான். மருத்துவர் சம்மதித்தால் பேட்டரியில் ஓடும் இரவுகளில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல், அந்தக் கருவிக்கென்றே தயாரிப்பாளர் தரும் டிசி அடாப்டரை 12 வோல்ட் முனையில் செருகுங்கள். கருவி ஓடும் அதே இரவில்தான் ஹீட்டர் விசிறியும் ஓடும், ஆகவே மேலே ஹீட்டருக்குப் போட்ட கணக்கில் இதன் ஆம்பியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.