கதையைப் படித்துச் சொல்லுங்களேன்!

(புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் தங்களுக்குள் ஒருவர் கதையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 40 பேர். எல்லோருமே கதை எழுதுகிறவர்கள். யார் கதை போட்டாலும் ‘அருமை’, ‘செம’, கைதட்டும் படம். அதே கதையைப் பத்திரிகைக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. குழுவில் யாரும் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. குறை எங்கே இருக்கிறது? – வாசகி, திருச்சி

பதில்: கூட்டம் பெரிதாக இருப்பதுதான் முதல் குறை. 40 பேர் இருந்தால், ‘நான் படிக்காவிட்டால் இன்னொருவர் படிப்பார்’ என்று எல்லோருமே விட்டுவிடுவார்கள். படித்தவருக்கும் அத்தனை பேர் முன்னால் குறை சொல்லத் தயக்கம். முதல் ஆள் ‘அருமை’ என்று போட்டுவிட்டால், அடுத்தவருக்கு இருந்த சந்தேகமும் அடங்கிப்போகும். சாயங்காலத்துக்குள் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் கதையை எங்கோ தள்ளிவிட்டிருக்கும்.

பெரிய குழு அப்படியே இருக்கட்டும், அரட்டைக்கும் அறிவிப்புக்கும் அது வேண்டும். கதை படிக்க 5 அல்லது 6 பேர் தனியாகச் சேருங்கள். 4 பேருக்குக் குறைந்தால், ஒருவர் ஊருக்குப் போனாலே வாரம் வீணாகும். 7-ஐத் தாண்டினால் ஒருவருடைய முறை வரவே இரண்டு மாதம் ஆகிவிடும். வாரத்துக்கு ஒரே கதை. அளவு 2,000 சொல்லுக்குள். நீளமான கதையென்றால் இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை கதை வந்தால் வெள்ளி இரவுக்குள் எல்லோருடைய கருத்தும் போய்ச் சேர வேண்டும். ஒரு கதையை ஒழுங்காக இரண்டு முறை படித்துக் குறிப்பெழுத ஒரு மணி நேரமாவது வேண்டும். இந்த நேரம் தர முடியாதவரை வற்புறுத்திச் சேர்க்காதீர்கள்.

கதையை வாட்ஸ்அப்பில் ஒட்டாமல் கூகுள் டாக்ஸில் வையுங்கள். பகிரும்போது பார்வையாளர், கமென்டர், எடிட்டர் என்று மூன்று வகை அனுமதி காட்டும். ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுத விடும் ‘கமென்டர்’ கொடுங்கள். ‘எடிட்டர்’ கொடுத்தால் யாருடைய கையாவது பட்டு ஒரு பத்தியே காணாமல் போகலாம். முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நகல் எடுத்து அனுப்புங்கள். ஒருவர் குறிப்பை இன்னொருவர் பார்க்காமல் எழுதினால்தான் ஐந்து பேரின் கருத்து ஐந்தாக இருக்கும். ஒரே நகலில் எழுதினால், முதலில் எழுதியவரின் கருத்தையே மற்ற நால்வரும் வழிமொழிவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் போனில் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.

கடைசியாக, கதையின் அடியில் நீங்களே மூன்று கேள்வி எழுதுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். ‘எந்த இடத்தில் போனைக் கீழே வைக்கத் தோன்றியது?’, ‘மாமனார்தான் பணம் எடுத்தார் என்பது எந்த வரியில் பிடிபட்டது?’, ‘கடைசிப் பத்தி இல்லாவிட்டால் ஏதாவது குறையுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். இவற்றுக்கு ‘அருமை’ என்று யாரும் பதில் எழுத முடியாது.

கேள்வி: தோழி ஒருத்தியின் கதை இழுவையாக இருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து குழுவில் அவள் பேசுவதே இல்லை. உண்மையைச் சொன்னது தப்பா? – வாசகி, கோவை

பதில்: சொன்னது தப்பில்லை. ஆனால் ‘இழுவை’ என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது, வருத்தப்படத்தான் முடியும். படித்தபோது உங்களுக்கு எந்த வரியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இப்படி எழுதலாம்: ‘பேருந்து நிலைய வருணனை மூன்று பத்தி வருகிறது. இரண்டாவது பத்தியில் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விட்டேன். செல்வி எதற்காக அங்கே காத்திருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.’ இடம், நடந்தது, காரணம் மூன்றும் இதில் இருக்கின்றன. காரணத்தை முன்னால் கொண்டுவரலாமா, வருணனையைக் குறைக்கலாமா, இரண்டையும் செய்யலாமா என்பது அவர் முடிவு. ‘நானாக இருந்தால் செல்வியை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருப்பேன்’ என்று தொடங்கினால், அது உங்கள் கதையாகிவிடும்.

வரிசையும் முக்கியம். படித்து ஒரு நாள் கழித்தும் மனதில் நிற்பது எதுவோ அதை முதலில் எழுதுங்கள். இது உபசாரத்துக்கு அல்ல. எது வேலை செய்கிறது என்று தெரியாதவர், திருத்தும்போது அதையே வெட்டிவிடுவார். அடுத்து, தடுக்கிய இடங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், பெரியது முதலில். பதினைந்து குறையை அடுக்கினால் எளிதானவற்றை மட்டும் திருத்திவிட்டுக் கதையை மூடிவைத்துவிடுவார்கள். ஒற்றுப்பிழையையும் எழுத்துப்பிழையையும் முதல் வரைவில் தொடவே வேண்டாம். நாளைக்கு நீக்கப்போகிற பத்தியில் ‘க்’ போட்டுக் கொடுப்பது இரண்டு பேருக்கும் வீண் வேலை. அவற்றைக் கடைசி வரைவில் ஒருவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கிய ஒரு முறை கதைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் சார்பில்லாத கேள்விகளைக் கேட்கலாம். கருத்து நான்காவதாகத்தான் வரும், அதுவும் ‘முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டு. படைத்தவருக்கு ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லவும் உரிமை உண்டு. உங்கள் தோழியிடம் இந்த முறையில் மறுபடி தொடங்கிப் பாருங்கள். வருணனையில் எந்த வரி நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நிச்சயம் ஒன்றாவது இருந்திருக்கும்.

கேள்வி: என் கதை மாந்தர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். குழுவில் சென்னை நண்பர்கள் புரியவில்லை, மாற்றுங்கள் என்கிறார்கள். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு விதி வேறு. இது எங்கிருந்து வந்தது, சரியான விதிதானா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1956-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் ஒரு கூட்டம் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கதையைப் பற்றிச் சொல்வார்கள். எழுதியவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு பேசுவார். 1968-இல் ராபின் ஸ்காட் வில்சன் தொடங்கிய கிளாரியன் எழுத்துப் பட்டறை அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து பல ஊர்களுக்கும் பரவியது.

விதிக்கு நல்ல காரணம் இருக்கிறது. பத்திரிகையில் கதை படிக்கிறவர் பக்கத்தில் வந்து நின்று ‘அந்த இடத்தில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று நீங்கள் விளக்க முடியாது. விளக்கத் தொடங்கினால் கருத்துச் சொல்பவர் ‘ஓ, சரி சரி’ என்று பின்வாங்கிவிடுவார், அவருக்கு எங்கே தடுக்கியது என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போகும்.

ஆனால் உங்களைப் போன்ற நிலையில் விதியை அப்படியே பிடித்துக்கொள்வது அநியாயம். குழுவில் ஒரே ஒருவர்தான் ஒரு ஊர்க்காரர் என்றால், மற்ற ஐந்து பேரும் ஒரு தவறான எண்ணத்தை ஆளுக்காள் உறுதிப்படுத்திக்கொண்டே போவார்கள். அதனால் தகவல் பிழையைத் திருத்த ஒரு வரி பேசலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். ‘இது எங்கள் பேச்சு வழக்கு, பிழையில்லை’ என்றால் போதும், வாதம் வேண்டாம்.

பேச்சை மாற்றாதீர்கள். அடிக்குறிப்பும் அடைப்புக்குறி விளக்கமும்கூடத் தேவைப்படாது. ‘கெதியா வாங்கோ, பஸ் போயிடும்’ என்றால் எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும், பக்கத்துச் சொற்களே பொருளைக் கொடுத்துவிடுகின்றன. நண்பர்கள் தடுக்கியதாகச் சொன்ன வரிகளில் அப்படிப் பக்கத்துணை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாத இடத்தில் ஒரு செயலையோ பதிலையோ சேர்த்தால் சரியாகிவிடும்.

கேள்வி: ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் பாட்டியை எடுத்துவிடு என்கிறார், இன்னொருவர் பாட்டியைப் பற்றி இன்னும் எழுது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகர், மதுரை

பதில்: இரண்டு பேருமே பாட்டியிடம்தான் வந்து நின்றிருக்கிறார்கள். அதைக் கவனியுங்கள். வாசகர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் தவறாக இருக்கலாம், வலிக்கிற இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 5 பேரில் 3 பேர் ஒரே இடத்தைத் தொட்டால், ஆளுக்கொரு காரணம் சொன்னாலும் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எல்லாக் குறிப்பையும் ஒரே தாளில், பத்தி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஆள் வாரியாக வேண்டாம். யார் சொன்னது என்பது மறைந்தால் வருத்தமும் பாதி குறைந்துவிடும். திருத்துமுன் பழைய வரைவைத் தனிப் பெயரில் சேமியுங்கள். வெட்டியதை மூன்று நாள் கழித்துத் தேடாதவர்கள் குறைவு.

தமிழ்க் கதைகளில் பலரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள் என்றால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு ‘சொன்னாள்’ என்று எழுத முடியும். காட்சியில் மூன்று பெண்கள் இருந்தால் சொன்னது யாரென்று தெரியாது, எழுதியவருக்கு மட்டும் தெரியும். உறவுப் பெயரும் அப்படித்தான். ‘அத்தை’ என்றால் அப்பாவின் தங்கையா, மாமாவின் மனைவியா, மாமியாரா? முதல் முறை வரும்போதே ஒரு குறிப்புக் கொடுங்கள். கமலா, கலா, கவிதா என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வேகமாகப் படிக்கிறவர் கலந்துவிடுவார். ஒரே ஆள் ‘வந்துட்டேன்’ என்று பேசிவிட்டு நாலு வரி தள்ளி ‘வந்துவிட்டேன்’ என்றால் வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும். கணவன் மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டிருந்த பத்தி, நடுவில் மனைவியின் மனதுக்குத் தாவிவிட்டால் ‘என்னவோ ஒட்டவில்லை’ என்றுதான் வாசகர் சொல்வார், அவருக்கு அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது. உங்கள் பாட்டி விஷயமும் இப்படி இருக்கலாம். பாட்டி கதைக்குள் வரும் பத்தியையும் அதற்கு முந்தைய பத்தியையும் உரக்கப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: குழுவில் போட்ட கதையை யாராவது திருடிவிட்டால்? போட்டிக்கு அனுப்பினால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று தள்ளிவிடுவார்களா? – வாசகர், சேலம்

பதில்: எழுதி முடித்த நொடியிலேயே பதிப்புரிமை உங்களுடையது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆனால் உரிமை எழுத்துக்குத்தான், கருவுக்கு இல்லை. கூகுள் டாக்ஸில் தேதிவாரியாக வரைவுகள் பதிந்திருக்கும், அதை அழிக்காமல் வைத்திருங்கள். கமென்டர்கள் பதிவிறக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடி பகிர்வு அமைப்பில் நிறுத்திவைக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது, அதனால் ஆளைப் பார்த்துச் சேர்ப்பதுதான் பெரிய காவல். அடுத்தவர் கதையை வேறு குழுவுக்கு அனுப்புவதில்லை, கேட்காமல் ஏஐ செயலியில் ஒட்டுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் மட்டும் வரைவாகப் படிப்பதைப் பொதுவாக யாரும் வெளியீடாகக் கொள்வதில்லை. யாரும் படிக்கும்படி ஃபேஸ்புக்கிலோ பிரதிலிபி என்ற கதைத் தளத்திலோ போட்டால் அது வெளியீடு. போட்டி அறிவிப்பில் ‘வேறெங்கும் வெளிவராத’ என்று இருந்தால், போட்டுவிட்டு நீக்கிய கதையையும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: தன் கதையைப் போடுகிறார், பாராட்டை வாங்கிக்கொள்கிறார், அடுத்தவர் கதையைப் படிப்பதே இல்லை. என்ன செய்வது? – வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு கதைக்குக் கருத்து எழுதியவருக்குத்தான் அடுத்த முறை என்று வையுங்கள். யார் யாருக்கு எழுதினார்கள் என்பதைக் குழுவில் எல்லோரும் பார்க்கும் ஒரு பட்டியலில் குறித்துவாருங்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியிராது. தொடர்ந்து இரண்டு முறை காணோம் என்றால் குழுவில் கேட்காமல் ஒருவர் தனியாகப் போன் செய்யுங்கள். பிள்ளைகள் தேர்வு, வீட்டில் நோயாளி என்று காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஓர் அண்ணன் தன் தாயின் கடைசி நாட்களைக் கதையாக எழுதி அனுப்பியிருக்கிறார். படித்து எல்லோரும் கலங்கிவிட்டோம். ஆனால் கதையாக அது இன்னும் நிற்கவில்லை. இதை எப்படிச் சொல்வது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: படிக்கத் தொடங்குமுன்பே, எந்த மாதிரிப் படிக்கட்டும் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும், இப்போதும் கேட்கலாம். ‘அண்ணே, இதை நாங்க படிச்சா போதுமா, இல்ல பத்திரிகைக்கு அனுப்பற மாதிரி பாக்கணுமா?’ என்று ஒரு தனிச்செய்தி. ‘படிச்சா போதும்’ என்றால் படித்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், எந்த வரி உங்களை நிறுத்தியது என்று சொல்லுங்கள். திருத்தம் எதுவும் எழுதாதீர்கள், ‘ஆனால்’ என்று ஒரு வாக்கியமும் வேண்டாம்.

பத்திரிகைக்கு என்றால் சில வாரம் பொறுத்து எழுதுங்கள். ‘நீங்கள்’, ‘உங்கள் அம்மா’ என்று ஓர் இடத்திலும் எழுதாமல் ‘மகன்’, ‘கதையில் வரும் அம்மா’ என்றே எழுதுங்கள். ‘நீங்கள் ஏன் அழவில்லை?’ என்பது காயப்படுத்தும். ‘ஆஸ்பத்திரிக் காட்சியில் மகன் என்ன செய்கிறான் என்பது எனக்குத் தெரியவில்லை’ என்பதை அவரால் எடுத்துக்கொள்ள முடியும். எல்லாக் கதைகளுக்குமே இந்தப் பழக்கம் நல்லது, யார் எதைத் தன் வீட்டிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ‘உண்மையில் அப்படித்தான் நடந்தது’ என்று அவர் சொன்னால் மறுக்க வேண்டாம். இத்தகைய கதைகளில் பெரும்பாலும் விடுபடுவது எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்த சின்ன விவரங்கள்தான்: அம்மா எப்படிக் கூப்பிடுவார், கட்டிலருகே என்ன வைத்திருந்தார், கடைசியாக எதைச் சாப்பிடக் கேட்டார். அவற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். ஒரு நாளில் ஒரு கேள்வி போதும்.