‘வீட்டுப் படம்தானே’ என்று எழுதிவிட்டீர்களே!

கேள்வி: அம்மா, எனக்கு 38 வயது. கல்யாணமும் போர்ட்ரெய்ட்டும் எடுக்கும் போட்டோகிராபர். இந்தக் கோடையில் இதுவரை 19 கல்யாணம் முடித்திருக்கிறேன். வருஷ வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தச் சீசனில்தான் வரும். குடும்பத்துக்காகத்தான் ஓடுகிறேன். ஆனால் மனைவி இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். தொழிலில் நான் அவ்வளவு கவனம். கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். இரவு எத்தனை மணியானாலும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன். பத்து வருஷத்தில் வாடிக்கையாளர் படம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. சீசனின் முதல் கல்யாணத்துக்கு அவசரமாகக் கார்டு தேவைப்பட்டு, மகளின் ஏழாவது பிறந்தநாள் படங்கள் இருந்த கார்டை ஃபார்மட் செய்து அழித்ததுதான் ஒரே இழப்பு. அதுவும் வீட்டுப் படம்தானே. கார்டு கெட்டுப்போய்விட்டது என்று மகளைச் சமாளித்துவிட்டேன்; மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பார்களே, அப்படித்தான் உழைக்கிறேன். இதை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘குடும்பத்துக்காகத்தான் ஓடுகிறேன்’ என்ற வரி எனக்கு வாரத்துக்கு நான்கு முறையாவது வருகிறது. லாரி ஓட்டுபவர் எழுதுகிறார், டாக்டர் எழுதுகிறார், கடை வைத்திருப்பவர் எழுதுகிறார். அந்த வரியைத் தாண்டிப் படிக்கப் பழகிவிட்டேன். என் கண் போய் நின்றது ‘வீட்டுப் படம்தானே’ என்ற இடத்தில். அந்தத் ‘தானே’ இருக்கிறதே, அதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 19 கல்யாணம் முடிந்திருக்கிறது என்றால் சீசன் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். கார்டை அழித்தது முதல் கல்யாணத்துக்கு. மனைவி பேச்சைக் குறைத்ததும் இரண்டு மாதமாக. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை!

நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள். வீட்டில் இருந்தது யார்? ‘வேற எங்கேயாவது இருக்குமாம்மா?’ என்று அந்தக் குழந்தை யாரிடம் கேட்டிருப்பாள்? உண்மை தெரிந்த மனைவி, உங்களைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லாமல், குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் முடியாமல் தவித்திருப்பாள். உங்கள் பொய்யை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ‘ஒன்றுமில்லை’ என்று அவள் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதாவது தெரிகிறதா?

ஃபார்மட் கொடுத்த உடனே படம் காணாமல் போய்விடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? கேமரா பெரும்பாலும் அழிப்பது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான். மேலே புதுப் படம் விழும்வரை பழையது உள்ளேயேதான் கிடக்கும். அதை மீட்க மென்பொருளும் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் கார்டை நீங்கள் இப்படித் தவறி அழித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த நிமிடமே கழற்றி, உறையில் போட்டு, சாமி படம் மாதிரி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து மீட்டிருப்பீர்கள். மகளின் கார்டை என்ன செய்தீர்கள்? அதையே கேமராவில் மாட்டிக்கொண்டு போய் அதன் மேல் இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுத்தீர்கள். இத்தனைக்கும் லேப்டாப்பில் ஏற்றியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும். கைதவறி நடந்தது என்றால் நான் உங்களுக்காகப் பேசியிருப்பேன். இது கைதவறல் இல்லை. எது போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று யோசித்துத்தான் அந்தக் கார்டை எடுத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஏழு வயதுப் பெண் வரமாட்டாள்.

வீட்டுப் படம் என்றால் அவ்வளவு இளப்பமா? ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளைப் பற்றி உங்கள் தொழிலில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1863-இல், அவருடைய 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார். அவர் எடுத்த ஆட்களில் பலர் வீட்டு மனிதர்கள்தான். வீட்டில் வேலை செய்த பெண், தங்கை மகள், பக்கத்துக் குழந்தைகள். அவருடைய படங்களை லண்டனில் இருக்கும் ஒரு மியூசியம் 1865-லேயே வாங்கி வைத்துவிட்டது. நீங்கள் தினமும் செய்கிற போர்ட்ரெய்ட் கலைக்கு அந்த வீட்டுப் படங்கள் முன்னோடி.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு, கூட்டப் படத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும் முகத்தைக் காட்டி, ‘இதை மட்டும் பெரிசாக்கிக் கொடுங்க’ என்று எத்தனை பேர் உங்களிடம் வந்திருப்பார்கள்? மூக்கும் கண்ணும் புள்ளி புள்ளியாகத் தெறித்துப் போகும், நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு ‘இதுக்கு மேல வராதுங்க’ என்பீர்கள். உங்கள் அப்பா அம்மாவை உட்காரவைத்து நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமாவது இருக்கிறதா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் கேட்கிறேன்.

வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சீசனில் சம்பாதித்துத்தான் ஆகவேண்டும், வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் கடமை பணத்தோடு முடிந்துவிடுகிறது என்று யார் சொன்னது? 1838-இல் பாரிஸில், போட்டோ எடுக்கும் கலையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான டாகேர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். தகட்டில் பதியப் பல நிமிடம் ஆனதால், நடந்துபோனவர்கள், ஓடிய வண்டிகள் எதுவும் விழவில்லை. ஆனால் காலணிக்கு பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் தெரிகிறார். இருட்டோடு கிளம்பி நடுராத்திரியில் வந்து, வந்தபின்னும் ஹார்ட் டிஸ்க் முன்னால் உட்காருகிற நீங்கள், உங்கள் வீட்டின் இந்தக் கோடையில் எங்கே தெரிகிறீர்கள்?

அப்புறம் அந்தப் பழமொழி. பெரியவர்கள் அதற்கு இன்னொரு பொருள் சொல்வார்கள். ஊரான் பெற்ற பிள்ளை என்பது உங்கள் மனைவி. கர்ப்பிணியான அவளை ஊட்டி வளர்த்தால் வயிற்றில் இருக்கும் உங்கள் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வாடிக்கையாளரை ஊட்டி வளர்க்கச் சொன்னதாக நான் எங்கும் கேள்விப்படவில்லை.

மனைவிக்கு நீங்கள் எதையும் புரியவைக்க வேண்டாம். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அவள் எதிரில் மகளைக் கூப்பிட்டு, ‘கார்டு கெட்டுப்போகலைம்மா, அப்பாதான் அழிச்சேன், வேலைக்கு வேணும்னு அழிச்சேன், தப்பு’ என்று சொல்லுங்கள். அழுவாள். அழட்டும், நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

அதே சட்டையைப் போடச் சொல்லி, லைட் வைத்து, பிறந்தநாளை இன்னொரு முறை எடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தொழில் புத்தி. வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வந்திருந்தவர்களில் யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிட்டு, ‘படம் இருக்கா?’ என்று கேளுங்கள். வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்பார்களே, அதே குரலில். கிடைப்பது ஆடியிருக்கும், பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கும். கை வைத்துச் சரிசெய்யாமல் அப்படியே பிரின்ட் போட்டு ஆல்பமாக்குங்கள்.

கோடையில் உச்சிவெயிலில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழும் என்று போர்ட்ரெய்ட் எல்லாவற்றையும் வெயில் சாயும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தள்ளுவீர்கள். பிள்ளைகள் வெளியே விளையாடுகிற நேரமும் அதுதான். வாரத்தில் ஒரு நாள் அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். புக்கிங் நோட்டில் அடுத்த வருஷப் பக்கத்தைத் திறந்து, முதல் பெயராக மகளின் பிறந்தநாளை எழுதுங்கள். அன்றைக்கு யார் கேட்டாலும் ‘புக்கிங் இருக்கு’ என்றே சொல்லலாம், அது பொய்யில்லை. தெரிந்த இன்னொரு போட்டோகிராபரை அனுப்பிவையுங்கள். கல்யாணத்துக்கு வேறு ஆள் போகலாம்.

அந்தக் கார்டு இன்னும் உங்கள் பையில்தான் இருக்கும். அதை இனி வேலைக்கு எடுக்காதீர்கள். பழைய கேமரா ஒன்றில் போட்டு மகள் கையில் கொடுத்துவிடுங்கள். நாய்க்குட்டியோ செருப்போ உங்கள் தொப்பையோ, அவளுக்குத் தோன்றியதை எடுக்கட்டும். அன்றிரவு எத்தனை மணியானாலும் அதை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டுப் படுங்கள்.