'ஆஃபன்' சரியா, 'ஆஃப்டன்' சரியா?

'அடிக்கடி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 'ஆஃப்டன்' என்று சொன்னதற்காகப் புதுச்சேரியில் ஒரு நேர்முகத் தேர்வில் திருத்தினார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி. திருத்தியவர்தான் அவசரப்பட்டுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகள் இரண்டையுமே தருகின்றன.

இதன் பழைய வடிவம் 'ஆஃப்ட்'. அதில் 'டி' தெளிவாக ஒலிக்கும். சொல் நீண்டபோது, ஃபகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவில் சிக்கிய 'டி' நசுங்கிப்போனது. 'சாஃப்ட்' என்போம், மென்மையாக்கு என்னும் பொருளில் அதுவே 'சாஃபன்' ஆகிவிடும். 'லிசன்' என்பதிலும் 'டி' தாளில் உண்டு, வாயில் இல்லை. பிற்காலத்தில் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் பெருகியதும், போன 'டி' திரும்பி வந்தது. ஆனால் யாரும் 'லிஸ்டன்' என்பதில்லை! மொழியின் பிடிவாதம் அப்படி.

புதுச்சேரிக்காரருக்கு இது புதிதா என்ன? ரூ துமா தெருப் பலகையின் கடைசியில் 'எஸ்' இருக்கிறது. பிரெஞ்சு அறிந்தவர் 'துமாஸ்' என்பாரா? கடலூரின் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து டிக்கெட் கேட்டால் கண்டக்டர் சிரித்துவிடுவார்.

நான் 'ஆஃபன்' கட்சி. நம்மவர் சறுக்குவது 'டி'யில் அல்ல, 'ஃப'வில். 'ஆப்பன்' என்றால் ஆப்பம் நினைவுக்கு வருகிறது. மேல்பற்களைக் கீழுதட்டில் லேசாக வைத்துக் காற்றை விடுங்கள். அழுத்தம் முதல் அசையில். கடைசி 'அன்' பாதி விழுங்கியதுபோல் ஒலித்தால் போதும்.