மருத்துவமனை மெடிக்கலில் மட்டும் கிடைக்கும் மாத்திரை

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தந்தைக்குச் சர்க்கரை நோய்க்கு எழுதித் தரும் மாத்திரை அங்குள்ள மெடிக்கலில் மட்டுமே கிடைக்கிறது, தக்கலையில் எந்தக் கடையிலும் இல்லை. டாக்டர் கமிஷன் வாங்குகிறாரா? வெளியில் வாங்கலாமா?

பதில்: ஒரு சீட்டை வைத்து அவர் கமிஷன் வாங்குகிறார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் வீணானதன்று. எந்த டாக்டரின் சீட்டுக்கு எத்தனை பெட்டி போயிற்று என்று மாதக் கடைசியில் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி (ரெப்) வந்து கேட்டுக் குறித்துக்கொள்வதை, மருந்தாளுநராக என் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

அங்கேதான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அட்டையின் பின்பக்கம் பிராண்டு பெயருடன் 'மெட்பார்மின் 500 மி.கி., கிளிமிபிரைடு 1 மி.கி.' என்பதுபோல் இருக்கும். அதுதான் மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்). அதையே தெளிவாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை விதியும் அதையே சொல்கிறது. அந்தச் சீட்டுடன் மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போகலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் சர்க்கரை மாத்திரை இலவசமாகவே கிடைக்கும்.

நான் அஞ்சுவது வெளிக்கடைக் கவுண்டரைத்தான். "அதே மருந்துதான், வேறு கம்பெனி, பாதி விலை" என்று நீட்டினால் உடனே வாங்கிவிடாதீர்கள். சீட்டில் பிராண்டு பெயர் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் கடைக்காரர் அதை மாற்றித் தரக் கூடாது. அட்டையில் பல மடங்கு விலை அச்சிட்டு வரும் சில மருந்துகளில், பாதி தள்ளிக் கொடுத்த பிறகும் கடைக்கு நல்ல லாபம் நிற்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமைக்கான வார்பரின் ஆகியவற்றில் எதையாவது உங்கள் வீட்டில் யாரேனும் சாப்பிட்டால், மூலப்பெயர் ஒன்றே என்று கம்பெனியை மாற்றாதீர்கள். அளவில் சிறிது வேறுபட்டாலும், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். வார்பரினில் இரத்தக் கசிவே ஏற்படலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனையுடன் மாற்றுங்கள்.

மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பரிசும் பயணமும் பெறுவதை 2009-லேயே கவுன்சில் தடை செய்தது. ஆனால் அந்த விதி மருத்துவரைக் கட்டுமே தவிர, மெடிக்கலை நடத்தும் மருத்துவமனையைக் கட்டாது. கம்பெனிகளுக்கென்று 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த நெறிமுறைப்படி, புகாரை விசாரிப்பதே அந்தக் கம்பெனிகளின் சங்கம்தான்! மருத்துவமனைக் கடைகளைப் பற்றிய வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றமும் முடிவை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டது. நோயாளி யாரிடம்தான் போய் முறையிடுவது?

ஆதாரம் இருந்தால் சீட்டு, பில் நகல்களுடன் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.