லிமிட்டர் இருந்தும் வால்வு வளையுமா?

கேள்வி: சார், பெரிய கேம் (வால்வத் திறக்கிற மேடுள்ள தண்டு) போட்டு ரெவ் லிமிட்டர (இன்ஜின் ஒரு அளவுக்கு மேல சுத்தாம தடுக்குற ஏற்பாடு) 7000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு இத்தன சுத்து) இருந்து 8000க்கு ஏத்தினேன், வால்வ மூடுற ஸ்பிரிங் மட்டும் பழசுதான். இப்ப ரெண்டு இன்டேக் வால்வு (காத்து உள்ள வர்ற வால்வு) வளைஞ்சு கிடக்கு. கேம் சரியில்லையா?

பதில்: கேம் மேல மட்டும் பழி போடாதீங்க தம்பி. 8000 ஆர்பிஎம்ல கேம் அதுல பாதி, 4000 சுத்து, அதாவது ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 66 தடவைக்கு மேல திறந்து மூடணும், நீங்க வேகத்த 14 சதவீதம்தான் கூட்டினீங்க ஆனா வால்வோட இனர்ஷியா விசை (ஓடுற போக்குலயே போகப் பாக்குற விசை) வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும், அது 30 சதவீதம், பழைய ஸ்பிரிங்கால அத அமுக்கிப் பிடிக்க முடியாம வால்வு கேம விட்டு எகிறி, மூடவேண்டிய நேரத்துல திறந்தே நிக்கும், பிஸ்டன் வந்து இடிச்சிரும். பிஸ்டன் தலையப் பாருங்க, பிறை மாதிரி தடம் இருக்கும்.

லிஃப்ட் (வால்வு திறக்கிற உயரம்) கூடுன கேம்னா ஸ்பிரிங் சுருள் சுருளோட ஒட்டுதா, ரிட்டெய்னர் (ஸ்பிரிங்க மேல பிடிச்சிருக்கிற தட்டு) வால்வு சீல்ல (ஆயில் உள்ள இறங்காம தடுக்குற ரப்பர்) முட்டுதான்னும் அளந்துதான் மாட்டணும், இத முக்காவாசிப் பேர் பண்றதே இல்ல.

இன்னொன்னு, நாலாவதுக்குப் பதிலா ரெண்டாவது கியர் விழுந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க (யாரும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க!). லிமிட்டர் பெட்ரோலயோ ஸ்பார்க்கயோதான் கட் பண்ணும், கீழ் கியர்ல விழுந்து சக்கரமே இன்ஜின லிமிட்டுக்கு மேல சுத்திவிட்டா அது என்ன பண்ணும்?