நகராட்சியா, உணவு பாதுகாப்புத் துறையா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் ஓட்டல்களைப் பரிசோதிக்க ஆளே இல்லை. மன்றத்தில் தீர்மானம் போட்டு இந்தப் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க முடியுமா?

ஒப்படைக்க உங்கள் கையில் அது இல்லை. 1954-ம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டம் இருந்தவரை உள்ளாட்சியின் சுகாதார அலுவலர்களுக்கும் உணவு ஆய்வாளர்களுக்கும் இதில் பெரிய பங்கு இருந்தது. 2006-ம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்ததும் பழைய சட்டம் ரத்தானது. இப்போது தரத்தை நிர்ணயிப்பது மத்திய அரசின் உணவு பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கடைக்கு வந்து சோதிப்பது பெரும்பாலும் மாநிலத்தின் வேலை: மேலே உணவு பாதுகாப்பு ஆணையர், மாவட்டத்துக்கு நியமன அலுவலர், களத்தில் உணவு பாதுகாப்பு அலுவலர்.

ஆகவே தீர்மானத்தை வேறு விதமாகப் போடுங்கள். சிறு வியாபாரிகளுக்குப் பதிவுச் சான்று தரும் அதிகாரியாக உள்ளாட்சி அலுவலரையும் ஆணையர் அறிவிக்கலாம் என்று 2011 உரிம விதிமுறைகளில் இடமிருக்கிறது. அதைக் கேளுங்கள். தள்ளுவண்டிக்காரர் மாவட்டத் தலைநகருக்கு அலைவது மிச்சமாகும். ஆனால் பதிவு அதிகாரி ஆகிவிட்டதாலேயே சோதனைக்கு உணவு மாதிரி எடுக்கும் அதிகாரம் வந்துவிடாது.

கேள்வி: ஓட்டல் பின்கட்டில் சாக்கடை தேங்குகிறது, சமையல்கட்டிலும் சுத்தமில்லை. யாரிடம் புகார் செய்வது?

இரண்டு இடத்திலும், இரண்டு தனி மனுவாக. சாக்கடை, குப்பை, குழாய்த் தண்ணீர், தொழில் உரிமம், ஆட்டுத்தொட்டி (இறைச்சிக்கூடம்) எல்லாம் இன்றும் உள்ளாட்சியின் பொறுப்பு. சமையல்கட்டு, கெட்டுப்போன உணவு, லேபிள், காலாவதித் தேதி ஆகியவை உணவு பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாட்டில் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. பாக்கெட் பொருள் என்றால் பேட்ச் எண், தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: என் மளிகைக் கடையில் மாதிரி எடுக்க வந்தால் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஆளை. உணவு பாதுகாப்பு அலுவலரின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுப்பதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், எடுத்த பொருளுக்கு விலையும் தர வேண்டும், சாட்சியும் வேண்டும்.

பழைய சட்டத்தில் மாதிரியை மூன்று பங்காகப் பிரித்தார்கள், இப்போது நான்கு. ஒன்று ஆய்வகத்தில் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். அப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். கடைக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு ஆய்வகமும் வேறு வேறாகச் சொன்னால் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி.

சீல் வைப்பதைக் கண்ணால் பாருங்கள். பாட்டில் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். கெட்டித் தாளில் சுற்றி, நியமன அலுவலர் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள சீட்டை அடியிலிருந்து தலைவரை ஒட்டுவார்கள். உங்கள் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழ வேண்டும்; பிரித்து மாற்றினால் உடனே தெரிந்துவிடும். மேலே நூல் கட்டி அரக்கு வைப்பார்கள். தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடலில் இரண்டு என்று குறைந்தது நான்கு முத்திரை தெளிவாக விழ வேண்டும். பருப்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றை நன்றாகக் கலக்கிவிட்டுப் பங்கு போடச் சொல்லுங்கள். தூளும் மண்ணும் அடியில் தங்குவதால், கலக்காத மாதிரியில் ஒரு பங்கு தேறும், இன்னொன்று தேறாது.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால், நகல் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: வாங்கிய எண்ணெயை நானே கொடுத்துச் சோதிக்கலாமா?

உணவு பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40-ன்படி கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சந்தேகப்பட்டால் இந்த வழி உதவாது. துறையில் புகார் கொடுத்து அவர்களையே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பிரிவு 40-ன்படி கொடுத்த சோதனையில் குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: ரயில் நிலையக் கடைக்கும் இதே அலுவலரா?

இல்லை. ரயில்வேக்குத் தனி நியமன அலுவலர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: மேம்பாட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. கடையை மூடிவிடுவார்களா?

உடனே மூட மாட்டார்கள். பிரிவு 32-ன் நோட்டீஸில் என்ன குறை, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். சரிசெய்யாவிட்டால் உரிமம் நிறுத்திவைப்பு, அதற்கும் அசையாவிட்டால் விளக்கம் கேட்டு ரத்து. குறையைச் சரிசெய்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கெடுவுக்குள் படங்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, பூச்சி ஒழிப்பு ரசீது இணைத்து எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நோட்டீஸே தவறு என்றால் ஆணையரிடம் முறையிட 15 நாள் உண்டு. நோட்டீஸில் குறித்த கெடு அதற்கு முன்பே முடிகிறது என்றால் அந்தக் கெடுதான் கணக்கு.