தனுஷ்கோடி போய்வந்ததற்கு இலங்கை ரோமிங் கட்டணமா?

கேள்வி: குடும்பத்தோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வந்தோம். என்னுடையது 399 ரூபாய் போஸ்ட்பெய்டு திட்டம். வரியோடு மாதம் 471 ரூபாய்தான் வரும். இந்த மாதம் 6,843 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. 'இன்டர்நேஷனல் ரோமிங் டேட்டா 54 எம்.பி.' என்று 5,400 ரூபாய் போட்டிருக்கிறார்கள். நாங்கள் படகில்கூட ஏறவில்லை. போன வருடம் சிங்கப்பூர் போனபோது ரோமிங் போட்டிருந்தேன், அது உண்மை. கஸ்டமர் கேரில் கேட்டால், "டேட்டா போயிருக்கு சார், கட்டித்தான் ஆகணும்" என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அதே சமயம், "நான் டேட்டாவே பயன்படுத்தவில்லை" என்றும் வாதிடாதீர்கள். அந்த வாதம் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். உங்கள் போன் இலங்கை டவர் வழியாக டேட்டா எடுத்திருக்கிறது, அதற்குப் பதிவும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கட்டணத்துக்கு நான் எப்போது சம்மதித்தேன்? ஏறிக்கொண்டே போனபோது எனக்கு ஏன் சொல்லவில்லை?

முதலில், நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனைக்கும் இலங்கைக் கரையில் இருக்கும் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் இருப்பது கடல்; அலைவரிசையை மறிக்கக் கட்டடமோ மேடோ கிடையாது. சாதாரண 2ஜி டவரே 35 கிலோமீட்டர் வரை ஒரு போனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4ஜியில் அந்த வரம்பு இன்னும் அதிகம். நம் பக்கத்து சிக்னல் மங்கியதும், 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கும் போன் கிடைத்த நெட்வொர்க்கைத் தட்டிப் பார்க்கும். அந்த நெட்வொர்க் உடனே உங்கள் நிறுவனத்திடம், "இந்த எண்ணுக்கு ரோமிங் அனுமதி உண்டா?" என்று கேட்கும். சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் நீங்கள் ரோமிங்கை எடுக்கச் சொல்லவில்லை, அதனால் 'உண்டு' என்று பதில் போயிருக்கிறது. போனிலும் 'டேட்டா ரோமிங்' பொத்தான் அன்றிலிருந்து திறந்தே இருந்திருக்க வேண்டும். இரண்டு கதவில் ஒன்று சாத்தியிருந்தாலும் டேட்டா போயிருக்காது. 54 எம்.பி. என்பது பெரிய அளவும் இல்லை. கடற்கரையில் எடுத்த படங்கள் பத்துப் பன்னிரண்டு தானாக பேக்கப் ஆகியிருந்தாலே சரியாகிவிடும். போனைப் பையில் வைத்திருந்தபோதே அது நடந்திருக்கலாம்.

போனை எடுத்துப் புகார் சொல்வதற்கு முன் சாட்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய எஸ்.எம்.எஸ். ஒன்றையும் அழிக்காதீர்கள். 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று ஒன்று வந்திருந்தால், அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நிறுவனம் அதைக் காட்டி, "தெரிவித்தோமே" என்று சொல்லும். அதில் ஒரு எம்.பி.க்கு எவ்வளவு என்று எழுதியிருந்ததா, டேட்டா போவதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்று நேரத்தோடு பாருங்கள். வரவேற்புச் செய்தி வேறு, கட்டண எச்சரிக்கை வேறு.

ஐபோன் என்றால் மொபைல் டேட்டா அமைப்பில் ரோமிங் கணக்கு தனியாக இருக்கும். அது தானாகப் பூஜ்யத்துக்குப் போகாது. கடைசியாக ரீசெட் செய்த தேதி அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும். அவசரத்தில் ரீசெட்டை அழுத்திவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆண்ட்ராய்டில் 'டேட்டா யூசேஜ்' போய், தேதி வரம்பை பில் மாதத்துக்கு மாற்றி, செயலி வாரியாகப் படம் எடுங்கள். கூகுள் மேப்ஸில் டைம்லைன் ஓடியிருந்தால் அதையும் எடுங்கள். விடுதி ரசீது, அன்று உள்ளூர்க் கடைகளில் செய்த யு.பி.ஐ. பரிவர்த்தனைகள், முத்திரை விழாத பாஸ்போர்ட் பக்கங்கள் எல்லாமே உதவும்.

ஆனால் மிக வலுவான சாட்சி உங்கள் நிறுவனத்திடமேதான் இருக்கிறது. நேர வாரியான விரிவான பில்லை ஆப்பிலிருந்து இறக்குங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் 10.50க்கு உள்ளூர் நெட்வொர்க், 11.05க்கு இலங்கை, 11.30க்கு மறுபடி உள்ளூர் என்று மாறி மாறி வந்தால், நீங்கள் நாட்டை விட்டுப் போகவில்லை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். நாற்பது நிமிடத்தில் யாரும் தலைமன்னார் போய்த் திரும்ப முடியாது. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் வரிகளை அப்படியே ஒப்பிடலாம். (சிங்கப்பூர் பில்லாக இருந்தால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.) நெட்வொர்க் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம்: 413 என்று தொடங்குவது இலங்கை, 404, 405 இந்தியா.

அதே பட்டியலில் இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் எத்தனை கே.பி. போயிருக்கிறது, அதை எப்படி முழுமையாக்கியிருக்கிறார்கள்? திட்டத்தில் அலகு 10 கே.பி. என்று இருந்து, ஒவ்வொரு வரியையும் ஒரு எம்.பி.யாக உயர்த்திக் கணக்கிட்டிருந்தால் அது நேரடிப் பிழை. போன் காட்டும் அளவுக்கும் பில்லுக்கும் சிறு வித்தியாசம் வருவது சகஜம். இரண்டு மடங்கு வித்தியாசம் சகஜமில்லை. வெளிநாட்டு நெட்வொர்க்கில் வந்த இன்கமிங் அழைப்புக்கும் கட்டணம் உண்டு, அந்த வரிகளையும் விடாதீர்கள். ரோமிங் பதிவுகள் சில சமயம் தாமதமாக வந்து சேரும். அடுத்த மாத பில்லிலும் மிச்சம் தலைகாட்டலாம்.

இப்போது எச்சரிக்கை விஷயம். போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு கிரெடிட் லிமிட் (கடனாகப் பயன்படுத்த விடும் உச்சத் தொகை) எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதில் 80 சதவீதத்தை எட்டும்போது தகவல் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. உங்கள் லிமிட் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,600 ரூபாயிலேயே எஸ்.எம்.எஸ். வந்திருக்க வேண்டும். 5,400 வரை போக விட்டது ஏன் என்று கேட்டால், "வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து பதிவு வரத் தாமதமாகும்" என்பதுதான் வழக்கமான பதில். அழைப்புக்கு அது ஓரளவு பொருந்தும். டேட்டாவுக்குப் பொருந்தாது. ரோமிங்கில் டேட்டா பொதுவாக உங்கள் சொந்த நிறுவனத்தின் கேட்வே (இன்டர்நெட்டுக்கான வாசல்) வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகிறது. போகும் டேட்டாவை அவர்களால் அப்போதே எண்ண முடியும். இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுவிட்டால் பேச்சின் தொனியே மாறும்.

பணம் கட்டுவதைப் பொறுத்தவரை, தகராறில்லாத 471 ரூபாயைக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதற்கு முன் ஆட்டோ டெபிட், யு.பி.ஐ. ஆட்டோபே எதுவும் இருந்தால் நிறுத்துங்கள். முழுத் தொகையும் போய்விட்டால் பிறகு திரும்பக் கேட்பவர் நீங்கள் என்றாகிவிடும். மீதி 6,372 ரூபாய் தகராறில் இருப்பதாகவும், முடிவு வரும்வரை வசூல் நடவடிக்கையும் இணைப்புத் துண்டிப்பும் வேண்டாம் என்றும் புகாரிலேயே எழுதுங்கள். கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடைசித் தேதி தாண்டிய பாக்கி இருந்தால் எண்ணை மாற்றும் கோரிக்கையே நிராகரிக்கப்படும்.

புகாருக்கு அழைக்க வேண்டிய எண் 198. இது கட்டணமில்லாதது. 121 பொதுத் தகவலுக்கானது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: ஆப் சாட்டிலோ 121இலோ பேசினால் 'சர்வீஸ் ரிக்வெஸ்ட்' எண் ஒன்றைத் தருவார்கள். அது புகார் ஆகாது. "கம்ப்ளைன்ட்டாகப் பதிவு செய்து டாக்கெட் எண் கொடுங்கள்" என்று கேளுங்கள் (டாக்கெட் எண் என்பது புகாரின் பதிவு எண்), எஸ்.எம்.எஸ்.ஸிலும் வர வேண்டும். மேல்முறையீட்டுக்கு அந்த எண்தான் ஆதாரம். அழைத்த கையோடு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"... தேதியிட்ட பில்லில் ரோமிங் டேட்டா என்று சேர்த்திருக்கும் 5,400 ரூபாயையும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யையும் மறுக்கிறேன். அந்த நாட்களில் நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தேன். (1) நேரம், நெட்வொர்க், கே.பி. அளவு கொண்ட முழுப் பதிவு, (2) என் எண்ணில் ரோமிங் எந்தத் தேதியில், எந்தச் சம்மதத்தின் பேரில் இயக்கப்பட்டது என்ற பதிவு, (3) கட்டண எச்சரிக்கை, 80 சதவீத எச்சரிக்கை ஆகியவை அனுப்பப்பட்ட நேரம், ஆகிய மூன்றையும் தரவும். தர இயலாவிட்டால் கட்டணத்தை நீக்கவும்."

தள்ளுபடி கேட்காமல் பதிவு கேட்கிறோம் என்பதைக் கவனியுங்கள். தள்ளுபடி அவர்கள் விருப்பம், பதிவு அவர்கள் பொறுப்பு. ஜி.எஸ்.டி.யை மறக்காதீர்கள், 5,400க்கு 18 சதவீதம் என்றால் 972 ரூபாய், அதுவும் சேர்ந்தே நீங்க வேண்டும்.

பில் புகாருக்கு நான்கு வாரம், இழுத்தால் ஆறு வாரம் ஆகும். இதற்கிடையே யாராவது அழைத்து, "குட்வில்லாகப் பாதி குறைக்கிறோம், சரியா?" என்று கேட்பார்கள். சரி என்ற வார்த்தையோடு டாக்கெட் மூடப்படும். உங்கள் விஷயத்தில் ரோமிங்கைத் திறந்து வைத்த தவறில் கொஞ்சம் உங்களுடையது என்பதால், முக்கால் பங்கு குறைத்தால் ஏற்றுக்கொள்வது நியாயமான முடிவுதான். பாதிக்கு ஒப்புக்கொள்ள அவசரமில்லை. ஒப்புக்கொண்டால் தொகையை எழுத்தில் வாங்குங்கள். முடிவான பிறகு ஒரு வாரத்தில் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்.

பதில் திருப்தியில்லை என்றால், அல்லது கெடு தாண்டியும் பதிலே இல்லை என்றால், 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் இல்லை, மின்னஞ்சலே போதும். தமிழ்நாடு வட்டத்துக்கான முகவரி நிறுவன இணையதளத்தில் இருக்கும். 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு எழுதிப் பயனில்லை. தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவு (1063), தேசிய நுகர்வோர் உதவி எண் (1915) இரண்டும் உண்டு. 1915இல் பதிவு செய்தாலே பல நிறுவனங்கள் இறங்கிவருகின்றன.

கடைசி இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. "டெலிகாம் வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது" என்று நிறுவனங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. 2022 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அந்த வழக்கே ஒரு பில் தகராறுதான்: மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டியவருக்கு 24,609 ரூபாய் பில் வந்திருந்தது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங்கை நிறுத்தி, உறுதிச் செய்தியைச் சேமியுங்கள். டேட்டா ரோமிங் பொத்தானையும் அணையுங்கள். இரண்டு சிம் போனில் ஒவ்வொரு சிம்முக்கும் அது தனி. அடுத்த முறை தனுஷ்கோடியோ கோடியக்கரையோ போகும்போது, நெட்வொர்க் தேர்வை 'மேனுவல்' ஆக்கி உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தொட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் இல்லாமலே இருக்கட்டும். ஊர் திரும்பியதும் 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்ற மறந்தால், சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று இன்னொரு புகார் கொடுக்க வேண்டிவரும்.